செவி படிக்கும் தமிழ்

எழுத்துக்கு ஒலிவடிவம், வரிவடிவம் என இரண்டு உண்டு என்பதை நம் மாணவர் முதலாண்டிலேயே கற்பர். நன்னூலார் எழுத்தை ஒலியாகவே வரையறுத்தார். அப்பழைய பாகுபாடு இன்று இணையப் பக்கங்களில் புதியதொரு சிக்கலாக நிற்பதை ஈண்டுக் காண்போம்.

பார்வையற்றோர் திரைபடிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் கணிப்பொறியைக் கையாளுகின்றனர். திரையில் உள்ளதை அது குரலாக்கித் தரும். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கர்ரன் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. விலையின்றிக் கிடைக்கிறது; தமிழ்க்குரலும் அதனுடனேயே வருகிறது, சற்றே இயந்திரத்தனமான குரல்தான். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில் டாக்பேக் உண்டு. ஆகவே வியாசர்பாடியில் ஒரே கைப்பேசி உள்ள வீட்டுப் பிள்ளைக்கும் கருவி எட்டாப் பொருளன்று. எட்டாதிருப்பது தமிழ்ப் பக்கமே.

படிப்பான் எழுத்தின் உருவத்தைக் காண்பதில்லை. உருவத்தின் பின்னுள்ள குறியெண்ணையே படிக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைப் பொருத்தியவை. பாமினியில் 'தமிழ்' எனத் தோன்றும் சொல், உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கண்ணுக்குத் தமிழ், செவிக்கோ பொருளற்ற பிதற்றல். 'கொடி' என்பதிலும் கொம்பு, ககரம், கால் எனக் கண் காணும் வரிசையே அதில் பதிவாகும். ஒருங்குறியோ ககரத்தை முன்னும் ஒகரக் குறியைப் பின்னும் வைக்கும். மெய்யின் பின்னரே உயிர் ஒலிக்கும் என்ற தொல்காப்பிய நெறியோடு இது இசைவது கருதத்தக்கது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியையும் டேஸ் 16 என்னும் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது.

ஒருங்குறிக்கு மாறியோரும் தேர்வு அறிவிப்பைப் படமாக ஒட்டிவிடுகின்றனர். படிப்பான் 'படம்' என்று சொல்லி நகர்ந்துவிடும். சில வேளை கோப்பின் பெயரை ஒப்பிக்கும். படத்துக்கு மாற்றுரை எழுதுதல் வேண்டும். ஜீவா ரயில் நிலையத்திலிருந்து கல்லூரிக்கு வரும் வழிப்படமாயின், அவ்வழியையே சொற்களால் எழுதுக. 'வரைபடம்' என்ற ஒரு சொல் எவரையும் கொண்டு சேர்க்காது. பக்கத்தின் மொழி தமிழ் என நிரலில் குறித்தலும், தலைப்புகளைத் தலைப்பாகவே அமைத்தலும் உடன் வேண்டுவன. இவை சலுகையல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனைக் கோருகிறது. எண்ணிம அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்சநீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்துள்ளது.

துறை மலர்கள் பல பழைய எழுத்துருவில் கோக்கப்பட்டு, அவ்வாறே இணையத்தில் ஏற்றப்படுகின்றன. மாற்றிச் செயலிகள் ஒரு பக்கத்தை நொடியில் ஒருங்குறியாக்கும். மெய்ப்புத் திருத்தம் மனிதர் பணி. ஔகாரக் குறியின் பிற்பகுதியும் ளகரமும் வடிவில் ஒன்றே. 'வௌவால்' என்பதை வகர எகரமும் ளகரமுமாகத் தட்டினாலும் கண் ஐயுறாது. செவியில் அது 'வெ-ள-வால்' என விழும். அப்பிழையைத் திரைபடிப்பானைக் கேட்டே திருத்தலாம்.