சிறு கூட்டத்தின் தேவையும் பெருந்தொழிலின் கணக்கும்

ஒரு பொருள் நமக்குத் தேவை என்பதற்காக எந்தத் தொழிற்சாலையும் அதைச் செய்து தந்துவிடுவதில்லை. இதில் கோபப்பட ஒன்றுமில்லை, கணக்குத்தான் காரணம். பிளாஸ்டிக்கில் ஒரு பொருளை வார்க்க எஃகு அச்சு வேண்டும். அந்த அச்சுக்குப் பத்து இலட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் இலட்சம் பேர் வாங்கினால் ஒரு பொருளின் மீது விழும் அச்சுச் செலவு பத்து ரூபாய். ஆயிரம் பேர்தான் வாங்குவார்கள் என்றால் அதுவே ஆயிரம் ரூபாய். ஆகவே சிறு கூட்டத்தார் கேட்கும் பொருள் கடைக்கு வருவதில்லை. அப்படியானால் அவர்கள் என்ன செய்வது? இதற்கு நல்ல விடை கண்டவர்கள், வேடிக்கையாகத் தோன்றலாம், பொம்மை இரயில் விடுபவர்கள்.

மேலை நாடுகளில் மாதிரி இரயில் அமைப்பது பெரியவர்களின் பொழுதுபோக்கு. உண்மை இரயிலை 87இல் ஒரு பங்காகச் சுருக்கி, 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓட்டுவது அதில் பரவலான வகை. தொடக்க காலத்தில் ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனியின் தண்டவாளத்தில் சரியாக ஓடாது. கொக்கியோடு கொக்கி சேராது. இதைச் சகிக்க முடியாத ஆர்வலர்கள் 1935இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கூடித் தேசிய மாதிரி இரயில் சங்கத்தை நிறுவினார்கள். அவர்கள் மனு எழுதுவதோடு நின்றுவிடவில்லை. சக்கரத்தின் விளிம்பு எவ்வளவு, தண்டவாளத்தின் இடைவெளி எவ்வளவு என்று தாங்களே வரையறுத்து வெளியிட்டார்கள். சரிபார்க்க ஓர் உலோகத் தகடும் செய்தார்கள். அந்த அளவை ஏற்ற உற்பத்தியாளருக்கு அதனால் இலாபமே. அவர் பெட்டியை இனி எவருடைய தண்டவாளம் வைத்திருப்பவரும் வாங்கலாம் அல்லவா? 1990களில் ஒரே தண்டவாளத்தில் பல இஞ்சின்களைத் தனித்தனியே இயக்கும் மின்னணு முறை வந்தபோதும், ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு அதைப் பொதுத் தரமாக்கியது இதே சங்கம்தான்.

தமிழிலும் இப்படி நடந்ததுண்டு. தட்டச்சுப் பொறி ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்காகப் பிறந்தது. 247 எழுத்துடைய தமிழை அதில் அடக்க எந்தக் கம்பெனி முன்வரும்? யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் பணியாற்றிய இரா. முத்தையா விசைப்பலகையைத் தாமே வகுத்தார். புள்ளியும் சில குறிகளும் எழுத்தின் மேலேயே விழும்படி, அடித்தாலும் நகராத விசைகளை அமைத்தார். அதன் பின்னரே ஜெர்மனியின் சைடல் அண்டு நௌமான் நிறுவனம் பொறியைச் செய்தது. முடிந்த வரைபடம் கையில் வந்தால் உற்பத்தியாளரின் பாதி வேலை குறைந்துவிடுகிறது.

இனி நம் மாவட்டத்துச் செய்திக்கு வருகிறேன். காவிரிப் பாசனப் பகுதியில் நிலத்தை வேலி, மா, குழி என்றே அளந்தார்கள். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட். என் பாட்டிக்கு இன்றும் ஏக்கர் என்றால் மனத்தில் நிற்காது. மூன்று மா என்று சொல்ல வேண்டும். பழைய கணக்குகளில் இவற்றைச் சொல்லால் எழுதாமல் குறிகளால் எழுதினார்கள். 20இல் ஒரு பங்குக்கு ஒரு குறி, 80இல் ஒரு பங்கான காணிக்கு ஒரு குறி, 320இல் ஒரு பங்கான முந்திரிக்கு ஒரு குறி. 'கீழ்' என்னும் குறியை முன்னே இட்டால் மேலும் 320இல் ஒரு பங்காகக் குறையும். கீழ் முந்திரி என்பது 1,02,400இல் ஒரு பங்கு. பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படிப்பவர் இந்தப் பின்னங்களைத் தாண்டாமல் போக முடியாது.

கணினி இவற்றை அறியவில்லை. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு தரத்தில் தமிழ் 1991இலேயே இடம் பெற்றது. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றின் குறிகளும் அப்போதே வந்தன. நாள், மாதம், ஆண்டு, பற்று, வரவு முதலிய குறிகள் 2003இல் சேர்ந்தன. பின்னங்களும் நெல் அளவைகளும் வெளியே நின்றன. அவற்றுக்கு 2012இல் முன்மொழிவு தரப்பட்டது. அந்த முன்மொழிவு எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் நாம் கற்க வேண்டியது. 'எங்கள் மொழி தொன்மையானது' என்று பத்துப் பக்கம் எழுதினாலும் அங்கே செல்லாது. குறி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதற்குக் கல்வெட்டு, ஓலை, அச்சுநூல் ஆகியவற்றின் படம் வேண்டும்; பெயர், மதிப்பு, வடிவம் வேண்டும்; அச்சிடத்தக்க எழுத்துருவும் வேண்டும். ஏழு ஆண்டுகள் கழித்து, 2019இல், 51 குறிகள் ஏற்கப்பட்டன. அரைக்கும் 16இல் ஒரு பங்குக்கும் இரண்டிரண்டு வடிவங்கள் வழங்கியதால் இரண்டுமே சேர்க்கப்பட்டன. நெல், உழக்கு, குறுணி, பதக்கு, குழி, வேலி, நன்செய், புன்செய், உப்பளம் எல்லாம் அதில் உண்டு. நம் வயல் முழுவதும் அந்தப் பட்டியலில் இருப்பதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் எண் கிடைத்ததால் எழுத்து கிடைத்துவிடவில்லை. பல கைப்பேசிகளில் வேலிக் குறியை அனுப்பினால் வெறுங்கட்டம்தான் தெரிகிறது. கூகுளின் நோட்டோ வரிசையில் இக்குறிகளுக்கு இலவச எழுத்துரு உண்டு. அதைத் தேடி ஏற்றுபவர் எத்தனை பேர்? நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் விசைப்பலகைகளிலும் இவற்றுக்கு இடமில்லை. தயாரிப்பாளர் மீண்டும் அந்த எஃகு அச்சுக் கணக்கையே போடுகிறார்: யார் பயன்படுத்தப் போகிறார்கள்?

இதற்குப் பதில் சொல்லும் இடம் தஞ்சைதான். சரசுவதி மகால் நூலகத்தில் சுவடி படிப்பவர்களும், தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டு படிப்பவர்களும், பழைய நிலப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் இருக்கும் குடும்பங்களும் இங்கேதான் இருக்கிறார்கள். எந்தக் கைப்பேசியில் எந்தக் குறி தெரிகிறது, எதில் தெரியவில்லை என்று ஓர் அட்டவணை வேண்டும். ஒரு பழைய கணக்கை அப்படியே கணினியில் ஏற்றிய மாதிரிப் பக்கம் வேண்டும். 51 குறிகளையும் எந்த விசையில் வைப்பது என்ற வரைபடம் வேண்டும். அட்டவணை போடும் வேலையை எங்கள் வகுப்பு மாணவர்களே ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். விசை வரைபடத்துக்குக் கணிதமும் தமிழும் அறிந்தவர்கள் சேர்ந்து உட்கார வேண்டும். முந்திரிக்கும் காணிக்கும் அருகருகே இடம் கொடுப்பதா, நிலக்குறிகளைத் தனி வரிசையில் வைப்பதா என்பதில் எங்களுக்குள்ளேயே இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை.