எஞ்சின் மாற்றிய லாரி இழுக்காவிட்டால்

நம் சங்கங்களின் சொத்துக்களுள் லாரி தனிச் சிறப்புடையது. நூலைத் தறிக்கும், உரத்தைத் தோட்டத்திற்கும், காய்கறியைச் சந்தைக்கும் கொண்டு சேர்ப்பது அதுவே. அதன் எஞ்சின் தேய்ந்தபோது, வேறொன்றைப் பொருத்துவதே சிக்கனம் என நிர்வாகக் குழு தீர்மானிக்கிறது. அங்கத்தினரின் பணத்தில் வேறு எஞ்சின் வந்து அமர்கிறது. ஆனால் லாரியோ முன்போல் மேடு ஏற மறுக்கிறது. ஓட்டுநர் எஞ்சினைப் பழிக்கிறார். மெக்கானிக் ஓட்டுநரைப் பழிக்கிறார். பொதுக்குழுவில் வாங்கி வந்தவரின் நாணயத்தின் மீதே ஐயம் எழுகிறது.

இத்தகைய வேளையில் எஞ்சினை மறுபடியும் கழற்றத் துணிவது பெரும்பாலும் வீண் செலவாகும். முதலில் அளந்து பார்க்க வேண்டும். செலவில்லாத சோதனைகளை முன்னே செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இம்மூன்றுமே இப்பாடத்தின் சாரம்.

1. அளவு

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவ்வழியே தாளவாடிக்கு உரம் ஏற்றிச் செல்லும் லாரியின் வலிமைக் குறைவை எவரும் உணர்வர். எனினும், வளைவுகளும் வேகத்தைக் குறைப்பதால், அளப்பதற்கு நேரான மேடே ஏற்றது. எடை போட்ட சுமையுடன், ஆக்சிலேட்டரை முழுதும் அழுத்தி, மேட்டின் அடியிலிருந்து உச்சி வரை ஆகும் நேரத்தைக் கடிகாரத்தால் குறிக்கவும். அதே எடையுடன் அதே வகை லாரி ஒன்றையும் ஏற்றி ஒப்பிடவும்.

மொத்தம் 12 டன் எடையுள்ள லாரி, 15 அடிக்கு 1 அடி உயரும் மேட்டில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, சக்கரங்களில் ஏறத்தாழ 67 குதிரைத்திறன் வேண்டும். வேகம் 15 கிலோமீட்டராகக் குறைந்தால், அங்கே கிடைப்பது 50 குதிரைத்திறனே. அதாவது, கால் பங்கு வலிமை எங்கோ தொலைந்துவிட்டது. எங்கே என்பதே இனி நாம் காண வேண்டியது.

2. எஞ்சினுக்கு வெளியே

ஒருவர் ஆக்சிலேட்டரை முழுதும் அழுத்த, மற்றொருவர் டீசல் பம்பின் நெம்புகோல் அதன் எல்லைத் திருகைத் தொடுகிறதா எனக் காணவும். வேறு எஞ்சின் அமரும்போது இணைப்புக் கம்பியின் நீளம் பொருந்தாமற் போவது சகஜம். நெம்புகோல் பாதி வழியில் நின்றால், எத்தனை நல்ல எஞ்சினும் பாதி வேலையே செய்யும்.

பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால், சிறிது தூரம் ஓடியதும் அச்சக்கரம் மட்டும் மிகவும் சூடேறியிருக்கும். எஞ்சின் வேகம் உயர்ந்தும் லாரியின் வேகம் உயராவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று கொள்ளலாம்.

3. காற்று

காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா, ரப்பர்க் குழாய் உள்ளே மடிந்திருக்கிறதா என்று நோக்கவும். டர்போ உள்ள எஞ்சினில் குழாய் இணைப்புகள் தளர்ந்திருந்தால், அழுத்திய காற்று வெளியேறிவிடும். புகைக்குழாயிலுள்ள எக்ஸாஸ்ட் பிரேக்கின் தகடு மூடியபடி சிக்கியிருந்தாலும் எஞ்சின் மூச்சுத் திணறும்.

4. டீசல்

சுத்தமான டீசல் நிரம்பிய கேன் ஒன்றை, எஞ்சின் சூட்டுக்கு எட்டாதவாறு டாங்கியின் உயரத்தில் உறுதியாகக் கட்டி, அதிலிருந்து நேரே ஃபீட் பம்பிற்குக் குழாய் கொடுத்து ஓட்டிப் பார்க்கவும். இப்போது லாரி நன்றாக இழுத்தால், குறை பழைய டாங்கியிலோ அதன் குழாயிலோ உள்ளது. அடைப்பு இருக்கலாம், இணைப்பு வழியே காற்று புகலாம். எஞ்சின் புதிதாயினும் டாங்கி பழையதே என்பதை மறத்தலாகாது.

5. புகை கூறும் செய்தி

கரும்புகை வந்தால், காற்றுக் குறைவு அல்லது நாசில் கோளாறு. எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை வந்தால், டீசல் காலந்தாழ்ந்து பாய்கிறது அல்லது கம்பிரஷன் போதவில்லை. நீலப்புகை, ஆயில் எரிவதன் அடையாளம். புகையும் இல்லை, இழுப்பும் இல்லையெனில், டீசலே போதிய அளவு சேரவில்லை என்பது பொருள்.

6. பம்பின் பொருத்தம்

பழைய எஞ்சினின் பம்பையே புதியதில் மாட்டுவதுண்டு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அளவிட்ட பம்ப், டர்போ எஞ்சினுக்கு வேண்டிய டீசலைத் தராது. டர்போ எஞ்சின்கள் சிலவற்றில் காற்றழுத்தத்தைப் பம்பிற்குத் தெரிவிக்கும் சிறு குழாய் ஒன்றுண்டு. அதனை இணைக்க மறந்தாலும் இதே குறை நேரும். இதற்காகப் பம்பின் முத்திரையை உடைத்து டீசலைக் கூட்டுவது தவறு. புகை பெருகும், பிஸ்டனும் கருகக்கூடும். அளவிடும் மேடையுள்ள பட்டறையிலேயே பம்பைச் சரிசெய்ய வேண்டும்.

7. கியரின் பொருத்தம்

பழைய எஞ்சின் நிமிடத்திற்கு 2800 சுழற்சி வரை சென்றது. புதியது 2400 வரைதான் செல்லும் என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சின் பல்விகிதம் மாறாவிடில், முன்பு 60 கிலோமீட்டர் சென்ற கியரில் இப்போது 51 கிலோமீட்டரே செல்லும். இதற்கு மாறாக, புதிய எஞ்சின் உயர்ந்த சுழற்சியில் வலிமை தருவதாயின், பழைய பழக்கப்படி முன்னதாகவே அடுத்த கியருக்கு மாறும் ஓட்டுநருக்கு அது சோம்பலாகத் தோன்றும். இவ்விரண்டும் பழுதல்ல, பொருத்தக் குறைவே.

8. மின்னணு எஞ்சின்கள்

2017 ஏப்ரலில் நாடு முழுவதும் வந்த பாரத் ஸ்டேஜ் 4, 2020 ஏப்ரலில் வந்த பாரத் ஸ்டேஜ் 6 ஆகிய விதிகளுக்கேற்ப அமைந்த லாரிகளில் மின்னணுக் கட்டுப்பாடு உண்டு. ஏதேனும் உணர்கருவி பொருந்தாவிடில், கட்டுப்பாட்டுக் கருவி தானே வலிமையைக் குறைத்துவிடும். அங்கே ஸ்பானரை எடுக்குமுன் ஸ்கேனர் கொண்டு கோளாறு எண்களைப் படிக்க வேண்டும்.

இவையனைத்தும் சரியாக இருந்த பின்னரே டாப்பெட் இடைவெளியையும் கம்பிரஷனையும் சோதிக்க வேண்டும். அதிலும் குறை கண்டால்தான் எஞ்சினைத் திறப்பது நியாயம்.

ஒவ்வொரு சோதனையையும், தேதி, சுமை, மேடு ஏறிய நேரம் ஆகியவற்றுடன் சங்கத்தின் குறிப்பேட்டில் எழுதி வைப்போமாக. புதிய எஞ்சின் எண்ணைப் பதிவுச் சான்றிதழில் மாற்றவும் மறவாதிருப்போமாக. பொதுக்குழுவில் சந்தேகம் எழும்போது அக்குறிப்பேட்டை எடுத்து வைத்தால் போதும். ஒரு கம்பியின் நீளக் குறைவுக்காக ஓர் ஊழியரின் நற்பெயர் கெடாமல் அது காக்கும். சங்கத்தின் பணமும் வீணாகாது.