பட்டயமும் பட்டமும்

சென்னை மாநகரின் தென்பகுதியில், அடையாற்றுக்கும் வேளச்சேரிக்கும் இடைப்பட்டு விளங்குவது தரமணி. அப்பெயரைக் கேட்போர் இன்று இராசீவ் காந்தி சாலையில் வானளாவ நிற்கும் கணினி நிறுவனங்களையே நினைப்பர். அவை எழுவதற்குப் பல்லாண்டு முன்னரே தரமணி கல்விக்குரிய இடமாயிற்று. 1916ஆம் ஆண்டு சென்னைத் தொழிற்பள்ளி என்னும் பெயரில் தோன்றிய நிறுவனம், பின்னர் மத்தியப் பாலிடெக்னிக் கல்லூரியாக வளர்ந்து ஈண்டு வந்து நிலைகொண்டது. அச்சு, நெசவு, வேதியியல் ஆகிய தொழில்களைக் கற்பிக்கும் நிலையங்களும் தரமணியில் உள்ளன. உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் மத்தியப் பாலிடெக்னிக் வளாகத்திலேயே அமைந்துள்ளது. தறியும் தொல்காப்பியமும் ஓரிடத்தே வாழ்தல் தமிழ்நாட்டிற்குப் பொருத்தமே.

மகளிர்க்கென ஈண்டு இயங்கும் அரசு பாலிடெக்னிக் கல்லூரி, டாக்டர் தருமாம்பாள் அம்மையாரின் பெயர் தாங்கியது. அம்மையார் சித்த மருத்துவர். 1938ஆம் ஆண்டின் மொழிப் போராட்டத்தில் முன்னின்றவர். தமிழாசிரியர்க்குப் பிற ஆசிரியரினும் குறைந்த ஊதியம் தரப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அது கண்டு பொறாத அம்மையார், ‘இழவு வாரம்’ கொண்டாடப்போவதாக அறிவித்துப் போராடினார். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வியமைச்சராக இருந்தபொழுது அவ்வேற்றத்தாழ்வு நீங்கிற்று. தமிழாசிரியர் பள்ளிக்குள் நுழைந்துதான் இருந்தனர். நுழைந்தபின் சமமாக நடத்தப்பெற்றிலர். பட்டயப் படிப்பை முடித்துப் பொறியியற் கல்லூரிக்குள் நுழையும் மாணவ மாணவியரின் நிலையும் இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது.

பத்தாம் வகுப்புத் தேறியோர் பாலிடெக்னிக் கல்லூரியில் மூன்றாண்டு பயின்று பட்டயம் பெறுவர். விரைவில் ஒரு வேலையில் அமர்ந்து குடும்பத்தைத் தாங்க வேண்டும் என்னும் நெருக்கடி உடையோரே இவ்வழியைப் பெரிதும் நாடுவர். கொத்தர், ஓட்டுநர், சிறு கடைக்காரர், உழவர் ஆகியோரின் மக்கள் இவர்களுட் பலர். பட்டயம் பெற்றபின் மேலே பயில விரும்புவோர் பொறியியற் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். கணக்கிட்டுப் பார்ப்பின், பத்தாம் வகுப்பிற்குப் பின் மேல்நிலைப் பள்ளி வழியாகச் செல்பவனுக்கும் ஆறு ஆண்டு. பட்டயத்தின் வழியாகச் செல்பவனுக்கும் ஆறு ஆண்டு. காலத்தால் இருவரும் ஒப்பர். ஆயின், அவ்வாறு ஆண்டுகளில் இருவரும் கற்றவை ஒன்றல்ல.

மேல்நிலைப் பள்ளி மாணவன் ஈராண்டு நுண்கணிதம் பயில்கிறான். பொறியியலின் முதலாண்டில் அதனையே மேலும் விரித்துக் கற்கிறான். பட்டய மாணவனோ கணக்கினைப் பெரும்பாலும் தன் முதலாண்டிலேயே முடித்துவிடுகிறான். எஞ்சிய ஈராண்டும் பட்டறை, வரைபடம், கருவிகள் எனக் கழிகின்றன. கடைசல் இயந்திரத்தை இயக்கவும், பழுதான மின்னோடியைப் பிரித்துக் கோக்கவும் அவன் அறிவான். அத்தகையோன் மூன்றாம் பருவத்து வகுப்பில் முதல்நாள் அமர்கிறான். கரும்பலகையில் வகைக்கெழுச் சமன்பாடு எழுதப்படுகிறது. ‘இது சென்ற ஆண்டு நடத்தியதே’ என்று ஆசிரியர் மேலே செல்கிறார். சென்ற ஆண்டு அவன் அங்கு இல்லை!

மொழி மற்றொரு தடை. பத்தாம் வகுப்பு வரை தமிழில் பயின்றவனுக்குப் பாலிடெக்னிக்கில் ஆசிரியர் தமிழிலேயே விளக்கிச் சொல்வதுண்டு. பொறியியற் கல்லூரியில் பாடமும் நூலும் தேர்வும் ஆங்கிலமே. அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டில் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது போற்றுதற்குரியது. எனினும் பிற துறைகளில் சேர்வோர்க்கு அவ்வாய்ப்பு அரிது. விடையறிந்தும் எழுத வாராமையால் மதிப்பெண் இழப்போர் உளர். அவரை அறிவில் குறைந்தோர் எனல் நேர்மையன்று.

தேறாது நின்றுவிடும் தாள்களை மாணவர் ‘அரியர்’ என வழங்குவர். ஒரு பருவத்தின் அரியர் அடுத்த பருவத்தின் பாடத்தோடு சேர்ந்து சுமையாகிறது. அரியர் உள்ளவரை நேர்காணலுக்கும் அழையாத நிறுவனங்கள் பல. தரமணியில் பயின்று சென்ற ஒருவன், அத்தரமணிச் சாலையின் கட்டடங்களுக்குள் வேலை தேடி நுழைய இயலாது போதல் கொடுமையன்றோ?

வாயிலைத் திறக்கும் பணியில் தமிழ்நாடு பின்தங்கியதில்லை. 2007ஆம் ஆண்டு முதல் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு இல்லை. 2010ஆம் ஆண்டில், குடும்பத்தின் முதற்பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2021ஆம் ஆண்டில் அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் புதுமைப் பெண் திட்டமும், 2024ஆம் ஆண்டில் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தோன்றித் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கலாயின. பேருந்துக்கும் நூலுக்கும் அத்தொகை எத்துணை உதவும் என்பதைப் பெற்றோர் அறிவர். ஆயினும், பணத்தால் தீராத குறை வகுப்பறைக்குள் இருக்கிறது.

அக்குறையைத் தீர்த்தற்கு வழிகாட்டும் நிகழ்ச்சி ஒன்று அமெரிக்க நாட்டில் நடந்தது. 1970களில் பெர்க்கிலி நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் பலர் நுண்கணிதத்தில் தவறினர். முயற்சியின்மை, வறுமை, பெற்றோரின் அக்கறையின்மை என ஆசிரியர்கள் பல காரணம் கூறினர். யூரி டிரெய்ஸ்மன் என்னும் கணித அறிஞர் அவற்றை நம்பிவிடவில்லை. மாணவர் வாழும் இடத்திற்கே சென்று, அவர் படிக்கும் முறையைப் பல திங்கள் கூர்ந்து நோக்கினார். சீன வழிவந்த மாணவர் கூடியமர்ந்து கணக்கிட்டு ஒருவர் பிழையை ஒருவர் திருத்தினர். கறுப்பின மாணவரோ ஒவ்வொருவரும் தனித்தே உழைத்தனர். உழைப்பில் குறைவில்லை, உடனிருப்போர் இல்லாமையே குறை. எனவே அவர் கூட்டுப் பயிற்சி வகுப்புகளை ஏற்படுத்தினார். எளிய கணக்குகளைத் தந்து இரக்கம் காட்டாமல், கடினமானவற்றையே தந்தார். அதில் சேர்ந்தோரின் தேர்ச்சி வியக்கத்தக்க அளவில் உயர்ந்தது.

இரண்டாம் ஆண்டில் நேரே சேர்வோர் ஒரு வகுப்பில் சிலரே. ஓராண்டு முன்னரே நட்புப் பூண்டவர்களின் நடுவே அவர்கள் விருந்தினர்போல் பின்வரிசையில் அமர்கின்றனர். இவர்களைத் தனியே பிரித்து வைத்துப் பாடம் சொல்லுதல் போதாது. பட்டறையில் தேர்ந்த பட்டய மாணவன் ஒருவனையும், கணக்கில் தேர்ந்த மேல்நிலைப் பள்ளி மாணவன் ஒருவனையும் இணைத்து அமர்த்தினால், செய்முறை வகுப்பில் முன்னவன் ஆசான். மாலையில் பின்னவன் ஆசான். கொள்வதும் கொடுப்பதும் இருபாலும் நிகழுமிடத்துத் தாழ்வு மனப்பான்மைக்கு இடமில்லை.

கணிதம், இயற்பியல், பொறியியல் வரைபடம் ஆகியவற்றில் இணைப்புப் பாடங்களைப் பல்கலைக்கழகங்கள் நடத்துதல் வேண்டும் என அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதிகளே கூறுகின்றன. அவை பெயரளவில் சில நாள் நடந்து முடிதல் கூடாது. பட்டயத் தேர்வு முடிந்து பொறியியல் வகுப்புத் தொடங்கும்வரை இடையே சில கிழமைகள் உள்ளன. அக்காலத்தில் பாலிடெக்னிக் கல்லூரியிலேயே, மாணவர் அறிந்த ஆசிரியரைக் கொண்டே, நுண்கணிதத்தைத் தமிழில் தொடங்கி ஆங்கிலக் கலைச்சொல்லோடு முடிக்கலாம். சென்ற ஆண்டு அவ்வாறே பொறியியற் கல்லூரி சென்ற முன்னவர் ஒருவரும் உடனிருந்து தம் குறிப்பேட்டினைக் காட்டலாம். அதற்கு வேண்டுவன ஓர் அறையும், ஒரு கரும்பலகையும், விடுமுறையில் வர இசையும் ஆசிரியர் ஒருவருமே.