பரிசாகும் கருவியில் யாருக்குப் பாத்தியதை?

கல்யாணத்தில் பெயர் வெட்டிக் கொடுக்கிற எவர்சில்வர் குடத்தின்மேல், அதை விற்ற பாத்திரக் கடைக்காரருக்கு அன்றைக்குப் பிறகு யாதொரு பாத்தியதையும் இல்லை. ஆனால் பிளஸ் டூ தேறிய பிள்ளைக்கென்று நாம் ஆசையோடு வாங்கித் தருகிற லேப்டாப், கைப்பேசி, மின்னூல் வாசிப்பான் முதலியவற்றின் விஷயம் அப்படியன்று. பணம் கொடுத்தவர் நாமாகவும் உபயோகிப்பவர் பிள்ளையாகவும் இருக்க, அக்கருவி எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, என்றைக்கு நின்றுபோகலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் மட்டும் அதைத் தயாரித்த கம்பெனியிடமே தங்கிவிடுகிறது. 1983-இல் குனு திட்டத்தை அறிவித்து, 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவிய ரிச்சர்டு ஸ்டால்மன், இந்த அதிகாரம் உபயோகிப்பவருக்கே உரியது என்று வற்புறுத்தினார். மென்பொருளை எந்தக் காரியத்துக்கும் இயக்கவும், அதன் மூலநிரலைப் படித்துத் தமக்கேற்ப மாற்றவும், பிரதியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கவும், மாற்றிய வடிவத்தையும் பகிரவும் உபயோகிப்பவருக்கு உரிமை வேண்டும், அவ்வுரிமைகளைத் தருவதே கட்டற்ற மென்பொருள் என்பதே ஸ்டால்மனின் கொள்கை. விலையையும் வேகத்தையும் விசாரிப்பதற்கு முன், இவ்வுரிமைகளில் எவையெவை பரிசு பெறுபவர் கைக்குப் போய்ச் சேருகின்றன என்று விசாரிப்பது உசிதம்.

மின்னூல் வாசிப்பானை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் இந்த வித்தியாசம் அதில்தான் மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. 2009 ஜூலையில், பதிப்புரிமை இல்லாத ஒருவர் விற்றுவிட்டார் என்ற காரணத்தால், ஜார்ஜ் ஆர்வெலின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களின் பிரதிகளை, வாசகர்கள் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த கிண்டில் வாசிப்பான்களிலிருந்தே அமேசான் தொலைவிலிருந்தபடி அழித்தது. பணம் திரும்பக் கிடைத்தது உண்மைதான். ஆயினும் பாடத்துக்காகப் பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதி வைத்திருந்த மாணவர் ஒருவருக்கு, மூலநூல் போனபின் அக்குறிப்புகளால் ஒரு பிரயோஜனமும் இல்லாமற்போயிற்று. 2025 பிப்ரவரியிலோ, வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியாகக் கிண்டிலுக்கு மாற்றிக்கொள்ளும் வசதியையும் அந்நிறுவனம் எடுத்துவிட்டது. ஆகவே, திரை எவ்வளவு அழகாயிருந்தாலும், பரிசுக்குக் கிண்டிலை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கோபோ, பாக்கெட்புக் என்னும் வாசிப்பான்கள் இதற்கு மாற்று. அவற்றின் சொந்த மென்பொருளும் முழுமையாகக் கட்டற்றதன்று என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் ஈபப் என்னும் மின்னூல் வடிவக் கோப்பைக் கணினியிலிருந்து நேரே நகலெடுத்தால் அவை திறந்து காட்டுகின்றன, அதைவிட விசேஷமாக, கோரீடர் என்னும் கட்டற்ற வாசிப்பு மென்பொருளையும் ஏற்றுக்கொள்கின்றன. கொடுப்பதற்கு முன் கோரீடரை நிறுவி, அதன் எழுத்துருக் கோப்புறையில் நல்ல தமிழ் எழுத்துரு ஒன்றைப் போட்டு, ஏதேனும் ஒரு தமிழ் நூலைத் திறந்து, 'கொ', 'கௌ' போன்ற எழுத்துகளில் ஒற்றைக் கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்கின்றனவா, 'ஸ்ரீ' உடையாமல் வருகிறதா என்று ஒரு பக்கம் நிதானமாகப் பார்த்துவிடுங்கள். கூடவே நூல்களையும் நிரப்பித் தரலாம்: 1998 முதல் இயங்கிவரும் மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை விலையின்றித் தருகிறது, ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழுவினர் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தற்கால நூல்களை வெளியிடுகிறார்கள். ஏ4 அளவுப் பிடிஎஃப் ஆறங்குலத் திரையில் எறும்பளவாகத் தெரியும் என்பதால், எங்கு இரண்டும் கிடைக்கிறதோ அங்கு ஈபப்பையே எடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் அடுக்கிவைக்கக் கோவித் கோயல் 2006-இல் தொடங்கிய காலிபர் இருக்கிறது. அதுவும் கட்டற்ற மென்பொருளே.

லேப்டாப் விஷயத்தில் பரிசுத்தத்துக்கும் சௌகரியத்துக்கும் இடையே ஒரு தராசு பிடிக்கவேண்டியிருக்கிறது. 2008-இல் வந்த திங்க்பேட் எக்ஸ்200-இல் லிப்ரெபூட் என்னும் கட்டற்ற துவக்க நிரலை ஏற்றினால், பொத்தானை அழுத்திய கணத்தில் எழும் பயாஸ்கூடக் கட்டற்றதாகிவிடும். இன்டெல் தன் சில்லுக்குள் வைத்திருக்கும் மேலாண்மை இயந்திரத்தையும் அதில் அடியோடு நீக்கிவிடலாம். கொள்கையில் உறுதியும் பொறுமையும் வாய்ந்த ஒருவருக்கு இதைவிடச் சிறந்த பரிசு அரிது. எனினும், காணொளி வகுப்புகளும் கனமான இணையத்தளங்களும் நிறைந்த கல்லூரி வாழ்க்கைக்கு அது ஈடுகொடுக்காது என்பது என் அபிப்பிராயம். புது லேப்டாப்போ, விண்டோஸ் 11 ஹோம் பதிப்போடு வந்து, முதன்முறை திறக்கும்போதே இணையத்தொடர்பையும் மைக்ரோசாஃப்ட் கணக்கையும் கேட்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, 2018-இல் வந்த திங்க்பேட் டி480 போன்ற, அலுவலகங்கள் கழித்துவிட்ட கருவியை வாங்கி டெபியன், லினக்ஸ் மின்ட் ஆகிய இயங்குதளங்களில் ஒன்றை நிறுவித் தருவதையே நான் முதலில் சொல்வேன். அதன் பின்புறப் பேட்டரியைத் தாழை நகர்த்திக் கையாலேயே கழற்றலாம், நினைவகத்தையும் பின்னால் கூட்டிக்கொள்ளலாம்.

டி480-இன் வைஃபை சில்லு இயங்குவதற்குக் கட்டற்றதல்லாத ஒரு துணைநிரல் வேண்டும். 2023-இல் வெளிவந்த டெபியன் 12 முதல் அது நிறுவுவட்டிலேயே சேர்ந்து வருகிறது. அதையும் ஏற்காதவர்கள் முழுக்கக் கட்டற்ற இயங்குதளமான டிரிஸ்குவெலை நிறுவி, ஏதெராஸ் ஏஆர்9271 சில்லுள்ள சிறிய யூஎஸ்பி வைஃபை செருகியை வாங்கிச் சேர்க்கலாம். அதன் துணைநிரலும் கட்டற்றது, வேகம் மட்டும் சற்றுக் குறைவு.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடத்தில் இத்தகைய லேப்டாப்பை வாங்கப் போகும்போது, நிறுவாமலே இயங்கும் டெபியனின் லைவ் பதிப்பை ஒரு பென்டிரைவில் ஏற்றி எடுத்துச் செல்லுங்கள். முதலில் எஃப்1 விசையை அழுத்தி, பழைய அலுவலகத்தின் பயாஸ் கடவுச்சொல் இன்னும் பூட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பிறகு எஃப்12 அழுத்திப் பென்டிரைவிலிருந்து துவக்கி, வைஃபை, ஒலி, கேமரா, ஒவ்வொரு விசை என்று கடையிலேயே சோதித்துவிடலாம். வீட்டுக்கு வந்து நிறுவியபின், ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையையும் அமைத்துத் தந்தால் பிள்ளை முதல் நாளே தமிழில் எழுதத் தொடங்கும். அந்தப் பிள்ளை சேரும் படிப்பில் விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் எதுவும் கட்டாயமா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்வது அவசியம். மாட்லாப் என்னும் கணக்கீட்டு மென்பொருளுக்கு மாற்றாகக் குனு ஆக்டேவ் பெரும்பாலும் கைகொடுக்கும், எல்லாவற்றுக்கும் அப்படி மாற்று உண்டென்று சொல்வதற்கில்லை.

சிறுவர்களுக்கு, செயலி இல்லாவிட்டால் அசையாத பொம்மை ரோபோவைவிட, 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் பிறந்த ஆர்டுயினோ என்னும் மின்னணுப் பலகையும் சில எல்இடி விளக்குகளும் மேல். அதன் வரைபடமும் நிரலெழுதும் மென்பொருளும் எவரும் பார்த்து மாற்றக்கூடியவை. ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியும் கல்விக்கு மிக உகந்ததே, அதன் துவக்க நிரல் மட்டும் மூடியது.

பேச்சைக் கேட்டுப் பதிலளிக்கும் ஒலிபெருக்கியை யார் வீட்டுக்கும் கொடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். குரற்பதிவுகளை வெளியே அனுப்பாதிருக்கும்படி எக்கோ என்னும் அத்தகைய ஒலிபெருக்கிகள் சிலவற்றில் இருந்த ஏற்பாட்டையும் 2025 மார்ச்சில் அமேசான் நிறுத்திவிட்டது. நாம் கொடுக்கும் பரிசு இன்னொருவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது நியாயமாகாது. அதற்குப் பதிலாக இசைப்பிரியருக்கு, பேண்ட்கேம்ப் இணையத்தளத்தில் பூட்டில்லாத ஃப்ளாக் கோப்புகளாக இறக்கிக்கொள்ளும்படி இசைத்தொகுப்பு ஒன்றை வாங்கித் தரலாம்.

கைப்பேசியே எல்லாவற்றிலும் கஷ்டமான பரிசு. கோபுரத்தோடு பேசும் அதன் மோடம் சில்லின் நிரல் ஏறக்குறைய எல்லாக் கைப்பேசிகளிலும் மூடியே இருக்கிறது. துவக்கப் பூட்டைத் திறக்க அனுமதிக்கும் கைப்பேசியாகத் தேடி லினியேஜ்ஓஎஸ் என்னும் ஆண்ட்ராய்டு வடிவத்தை நிறுவினாலும், சில வங்கிச் செயலிகள் அதில் ஓட மறுக்கும். யூபிஐ இன்றிக் காய்கறிகூட வாங்காதவருக்கு அதைத் திடீரென்று நீட்டுவது தொல்லையாகவே முடியும். ஆகையால் புதிய கைப்பேசிக்குச் செலவழிக்காமல், அவரிடம் ஏற்கெனவே உள்ள ஆண்ட்ராய்டிலேயே, அவர் சம்மதத்தோடு, கட்டற்ற செயலிகளின் கிடங்கான எஃப்-டிராய்டை நிறுவி, அதிலிருந்து வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ், ஒலியோடைகளுக்கு ஆன்டென்னாபாட், பாட்டுக்கும் படத்துக்கும் விஎல்சி ஆகியவற்றை ஏற்றி, அவருடைய ஊர் வரைபடத்தையும் இறக்கிவைத்து, இணையமில்லாத இடத்திலும் வழி காட்டுவதை ஒருமுறை அவர் எதிரிலேயே செய்துகாட்டுங்கள்.