குஞ்சுப் பெட்டியும் மழைக்கால ஈரமும்



மட்டாஞ்சேரியின் நெருக்கமான சந்துகளில் பத்துக் கோழிக்குஞ்சு வாங்கிப் பெட்டியில் வளர்க்கும் குடும்பத்துக்கு, அவை விளையாட்டுப் பொருள்கள் அல்ல. நாளைய முட்டை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு. மூன்றாவது வாரத்தில் அவை இரத்தமாகக் கழிந்து மடிந்தால், கண்ணேறு என்பார் சிலர். மழைக்காலத்தின் விதி என்பார் வேறு சிலர். விஞ்ஞானம் கூறுவது யாது?

இரத்தக் கழிச்சலுக்குக் காரணம் எய்மீரியா என்னும் ஓரணு உயிர். நோயுற்ற குஞ்சின் எச்சத்தோடு அதன் நுண்ணிய முட்டைகள் வெளிவருகின்றன. அப்பொழுதே அவற்றுக்கு நோய் தரும் ஆற்றல் இல்லை. சூடு, ஈரம், உயிர்வளி ஆகிய மூன்றும் கிடைத்தால் ஏறத்தாழ இரண்டு நாளில் அவை முதிர்கின்றன. முதிர்ந்தவற்றைக் கொத்தித் தின்னும் குஞ்சே நோயுறுகிறது. தடித்த உறை இருப்பதால் வழக்கமான பினாயில் அவற்றைக் கொல்வதில்லை. சூட்டையும் உயிர்வளியையும் நாம் நீக்க முடியாது. குஞ்சுக்கும் அவை வேண்டும். எனவே, நாம் நீக்கக்கூடியது ஈரம் ஒன்றே.

ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் கொச்சியில் இது இயலுமா? இயலும். 27 டிகிரி செல்சியஸில் 90 விழுக்காடு ஈரப்பதம் கொண்ட காற்றை 35 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 57 விழுக்காடாகக் குறைகிறது. முதல் வாரக் குஞ்சுக்கு வேண்டிய சூடும் அந்த 35 டிகிரியே. ஆகவே, பெட்டியில் எரியும் மின்விளக்கு குஞ்சைக் காப்பதோடு கூளத்தையும் உலர்த்துகிறது. ஆனால், ஈரத்தை ஏந்திய காற்று வெளியேற வழி வேண்டும். சாரலுக்கு அஞ்சிப் பெட்டியைச் சாக்கால் முழுதும் மூடுவது, ஈரத்தை உள்ளே பூட்டுவதாகும். சாரல் வரும் பக்கத்தை மட்டும் மறைத்து, மேற்பகுதியைத் திறந்து விடுக.

செய்ய வேண்டியவை சில:

1. பெட்டியைச் செங்கல் மேல் உயர்த்தி வைக்கவும். வேலியேற்றத்தில் காயல் நீர் புகும் வீடுகளில் இது மிகவும் இன்றியமையாதது.

2. உமியோ மரச்சீவலோ 5 சென்டிமீட்டர் உயரம் பரப்பி, நாள்தோறும் கிளறவும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உதிர்ந்தால் நலம், உருண்டையாக நின்றால் மாற்றுக.

3. தண்ணீர்த் தட்டைக் குஞ்சின் முதுகு உயரத்தில் வைத்தால் சிந்துவது குறையும். தட்டைச் சுற்றி நனைந்த கூளத்தை அன்றே அகற்றுக.

4. பெட்டியருகே குனிந்து முகருங்கள். மூக்கில் நெடி ஏறினால், நனைந்த எச்சத்தில் பாக்டீரியாக்கள் அம்மோனியா உண்டாக்குகின்றன என்பது பொருள். அந்த நெடி குஞ்சின் கண்ணையும் மூச்சுக்குழலையும் கெடுக்கும்.

நோய் கண்ட பின் கால்நடை மருத்துவரை நாட வேண்டும். அதற்கு மருந்து உண்டு. ஆனால், கூளம் ஈரமாகவே இருந்தால் பிழைத்த குஞ்சும் மீண்டும் அதே முட்டைகளைக் கொத்தும். ஜூன் மாத மழை தொடங்குமுன், உங்கள் அண்டை வீட்டாரிடம் இதனை எடுத்துச் சொல்லுங்கள்.