குடியை விடப் போறவர் வீட்டுக்குக் கைக்குதவும் குறிப்புகள்

"இனிமே தொட மாட்டேன்"னு வீட்டுல ஒருத்தர் சொல்லிட்டா, அந்த வாய்ச்சொல்லைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே குடியை விட்டவங்க கூடுற கூட்டத்துக்குக் கிளப்பிடணும் தோழிகளே. தீர்த்தமலைப் பக்கத்துல இருந்து போய் வர உதவுற சில வழிகள் இதோ.

1. எங்கே கூட்டம் நடக்குதுன்னு தெருவெல்லாம் விசாரிக்க வேண்டாம். போதை மீட்புக்கான இலவச எண் 14446, நம்ம அரசோட 104, ரெண்டுலயும் ஊர்ப் பேரைச் சொல்லி, பக்கத்துல என்ன உதவி இருக்குன்னு கேளுங்க. இந்தக் கூட்டங்களை நடத்துற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமா ஏ.ஏ., 1957-லேயே இந்தியாவுக்கு வந்தாச்சு. அதோட பொதுச் சேவை அலுவலகம் மும்பைல இருக்கு, அங்கேயும் கேட்கலாம்.

2. காலையில கண் முழிச்சதுமே குடிக்கிறவரா, குடிக்கலேன்னா கை நடுங்குதா? அப்போ முதல்ல டாக்டர், பிறகுதான் கூட்டம். பல வருஷம் குடிச்ச உடம்புல சட்டுன்னு நிறுத்தினா முதல் ரெண்டு மூணு நாள்ல வலிப்பு வரலாம், ஆள் தெரியாம பிதற்றலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அரூர் அரசு மருத்துவமனையிலோ தருமபுரி மருத்துவக் கல்லூரியிலோ எவ்வளவு குடிப்பார்னு மறைக்காம சொல்லுங்க. வலிப்பு வந்துட்டா யோசிக்காம 108.

3. சபரிமலைக்கு மாலை போட்டா ஒரு மண்டலம் தொடாதவங்க நம்ம ஊர்ல நிறைய பேர். சிக்கல் மாலை கழட்டுற அன்னைக்குத்தான். அதனால மாலை கழுத்துல இருக்கும்போதே கூட்டத்துக்குப் பழக்கி விடுங்க.

4. பெரும்பாலும் கூட்டம் சாயங்காலம்தான். மனசு கடைப் பக்கம் இழுக்குற அதே நேரம், அதுவும் நல்லதுக்குத்தான். அரூர் 16 கிலோமீட்டர்தான், ஆனா திரும்பி வர்ற கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு கண்டக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வையுங்க. துணைக்கு நீங்க போனா, சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லை, செலவு ஒருத்தருக்கு மட்டும்தான்.

5. வெறும் வயித்தோட அனுப்பாதீங்க. களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டுப் போகட்டும், சட்டைப் பையில ரெண்டு கடலை மிட்டாய் இருக்கட்டும். இனிப்பு வாயில இருந்தா குடிக்கிற ஆசை கொஞ்சம் தணியும்னு பழைய ஏ.ஏ. ஆட்களே சொல்வாங்க.

6. ஏ.ஏ.வுல கட்டணம் இல்லை. கடைசியில ஒரு பையோ டப்பாவோ சுத்தி வரும்; இஷ்டம் இருந்தா போடலாம், இல்லேன்னா அடுத்தவர் கைக்குத் தள்ளிடலாம். சேர்றதுக்குன்னு ஆயிரக்கணக்குல கேட்டா அது வேற இடம், எழுந்து வந்துடுங்க.

7. தங்க வைச்சு வைத்தியம் பார்க்கிற மையம்னா, மாநில மனநல ஆணையத்துல பதிவு இருக்கான்னு கேட்ட பிறகுதான் முன்பணம்.

8. முதல் நாள் பேசியே ஆகணும்னு கட்டாயம் இல்லை. பின் வரிசையில உட்கார்ந்து டீயைக் குடிச்சுட்டுக் கேட்டாலே போதும். "இன்னைக்கு ஒரு நாள் குடிக்கல", அங்கே கணக்கு அவ்வளவுதான்.

9. "தெரிஞ்சவன் பார்த்துட்டா?"ன்னு தயங்குறவரை தருமபுரிக்கோ திருவண்ணாமலைக்கோ கூட்டிட்டுப் போங்க. நிஜத்துல அங்கே பார்க்கிற தெரிஞ்ச முகமும் அதே காரியத்துக்குத்தான் வந்திருக்கும். பேரை வெளியில சொல்றதில்லைங்கிறது ஏ.ஏ.வோட அஸ்திவாரம்.

10. கூட்டத்துல, குடியை விட்டுப் பல வருஷமான ஒருத்தர் நம்பரை வாங்கி போன்ல மேலேயே பதிய வையுங்க. குடிச்ச பிறகு கூப்பிட இல்ல, ஆசை வரும்போதே கூப்பிட. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போறவர் அங்கே தமிழ்ல நடக்குற கூட்டம் எதுன்னு இவர்கிட்டயே கேட்டுட்டுப் பஸ் ஏறலாம்.

11. துக்க வீடு, ஆடிப் பதினெட்டு, மாசித் தேர், இந்த மூணும்தான் கண்டம். போனதும் கையில ஒரு டீ கிளாஸைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. வெறுங்கையைப் பார்த்தாத்தான் எவனாவது டம்ளரை நீட்டுவான். தலையைக் காட்டிட்டு இருட்டுறதுக்குள்ள கிளம்பிடணும்.

12. சாப்பாட்டுல தெரியாம கலக்குற பொடி, மாத்திரை வேண்டவே வேண்டாம். குடியை நிறுத்தக் கொடுக்கிற டைசல்ஃபிராம் மாத்திரை உள்ளே இருக்கும்போது குடிச்சா வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் விழுறதுன்னு ஆளையே சாய்ச்சுடும். அது டாக்டர் சொல்லி, குடிக்கிறவருக்கும் தெரிஞ்சு சாப்பிட வேண்டியது.

13. அவர் வர மாட்டேங்கிறாரா? நீங்க போங்க. குடிக்கிறவங்க குடும்பத்துக்குன்னே 1951-ல தொடங்கின ஆல்-அனான் இருக்கு. புருஷன் திருந்தினாத்தான் நமக்கு நிம்மதிங்கிற முடிச்சை அங்கே கொஞ்சம் கொஞ்சமா அவிழ்க்கலாம்.

14. நடுவுல சறுக்கினா, சண்டையை ஒத்தி வைச்சுட்டு அடுத்த கூட்டத்துக்கு அனுப்புங்க, நடுக்கம் இருந்தா டாக்டர் வழியா. விடணும்ங்கிற ஆசை ஒண்ணுதான் அங்கே தகுதி, யாரும் பேர் அடிக்க மாட்டாங்க.

15. அலைச்சல் கட்டுப்படியாகலையா? நம்ம ஊர்லயே ஒரு குழு தொடங்கலாம். 1935-ல அமெரிக்காவுல ஏ.ஏ. தொடங்கினதே ரெண்டு பேரை வைச்சுத்தான், இன்னைக்கும் ஒரு குழுவுக்கு ரெண்டு மூணு பேர் போதும். வாரம் ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்துல ஒரு அறை கிடைக்குமான்னு கேட்டுப் பாருங்க, டீயும் நாலு டம்ளரும் நம்ம வீட்டுல இருந்தே போகட்டும்.