கதவு திறந்தால் படகு நகரும்

ஜார்ஜ்டவுனில் கொம்தார் கோபுரத்திற்கு அருகே, பிராங்கின் சாலையை ஒட்டி ஒரு பழைய கால்வாய் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சியா போய் தொல்லியல் பூங்காவுக்குச் செல்வோர் இன்று அதன் கரையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். முன்பு அது வேலை செய்யும் கால்வாய். கடல் ஏறும் நேரம் பார்த்துப் படகுகள் சரக்கோடு உள்ளே நுழைந்து, சந்தை அருகே இறக்கிவிட்டுத் திரும்பின. நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே தோங்காங் ஓட்டியவர்களுள் சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் பலர் இருந்தனர்.

கடலோடு சேர்ந்த கால்வாயில் ஒரு தொல்லை உண்டு. கடல் ஏறினால் நீர் ஏறும். வற்றினால் படகு சேற்றில் அமரும். நீர்மட்டம் இப்படி மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் தடையில்லாமல் படகு விடுவது எப்படி?

இதற்கு விடைதான் ‘லாக்’ எனப்படும் இரட்டைக் கதவு மதகு. கால்வாயின் குறுக்கே சற்று இடைவெளி விட்டு இரண்டு கதவுகள் அமைப்பார்கள். இடையில் உள்ள பகுதி ஓர் அறை போன்றது. தாழ்ந்த நீரிலிருந்து வரும் படகு அறைக்குள் நுழைந்ததும், பின்கதவை மூடுவார்கள். பிறகு மேல்பக்கத்துச் சிறு மடைகளைத் திறந்தால் நீர் உள்ளே பாயும். நீரோடு படகும் மெல்ல உயரும். இரு பக்க நீரும் சமமானதும் முன்கதவு திறக்கும், படகு வெளியேறும். சமமாகும் முன் கதவைத் தள்ளினால் எத்தனை பேர் சேர்ந்தாலும் அது அசையாது. எந்திரம் வேண்டாம், நீரின் எடையே வேலையைச் செய்துவிடுகிறது. இங்கிலாந்தில் சொந்தப் படகில் கால்வாய்ச் சுற்றுலா செல்வோர் இன்றும் இக்கதவுகளைத் தம் கையாலேயே தள்ளித் திறக்கிறார்கள்.

தமிழர் பகுதியில் இத்தகைய மதகுகள் நிறைந்த நீர்வழி பக்கிங்காம் கால்வாய். வங்கக் கடலோரமாக ஆந்திரத்திலிருந்து சென்னை வழியே மரக்காணம் வரை அது நீள்கிறது. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே அதன் முதற்பகுதி தொடங்கியது. வழியில் பல ஆறுகள் குறுக்கிடுகின்றன. ஆற்று வெள்ளமும் கடல் ஏற்றமும் கால்வாய்க்குள் புகாதபடி, ஆற்றைக் கடக்கும் இடங்களில் மதகுகள் கட்டப்பட்டன. நெல்லும் உப்பும் சவுக்கு விறகும் இவ்வழியே சென்னைக்கு வந்தன. சென்னை மக்கள் ஏறி இறங்கும் பேசின் பிரிட்ஜ் நிலையத்தின் பெயர்கூடப் படகுகள் நின்ற நீர்த்துறையை நினைவூட்டுவதுதான்.

ஆனால், நகரின் நடுவே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பகுதி வணிகத்துக்காக மட்டும் வெட்டப்பட்டதன்று. 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பசித்தவர்களுக்கு வேலை கொடுத்துக் கூலி வழங்கும் திட்டத்தின் கீழ் அப்பகுதி தோண்டப்பட்டது. நிவாரணக் கூலியோ மிகக் குறைவு. 1877இன் தொடக்கத்தில் அது நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், ஓர் அணா எனக் குறைக்கப்பட்டது. ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் வெட்டும் உடலுக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். பின்னர் கூலி உயர்த்தப்பட்டது. கால்வாய்க்கோ அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. மண் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. பஞ்சம் துரத்திய வேறு பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள்.

இக்கால்வாயில் பயணிகளும் சென்றனர். காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். காற்று ஓய்ந்தால் ஒருவர் கரையில் நடந்தபடி கயிற்றால் படகை இழுப்பார். மற்றொருவர் நீண்ட கழியால் உந்துவார். சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இவ்வாறு சென்ற படகுப் பயணத்தைப் பாவேந்தர் பாரதிதாசன் ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதையாக்கினார். இங்கே ‘செலவு’ என்றால் பணம் அன்று, பயணம். இது பழந்தமிழ்ச் சொல். சிற்பங்களைக் காணப் புறப்பட்டவர்களின் கண்ணில் படகை இழுப்பவர்களின் துன்பம் பட்டதையும் அக்கவிதை சொல்கிறது.

சாலையும் இரயிலும் பெருகியபோது படகுகள் குறைந்தன. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. அதன்பின் போக்குவரத்து தேய்ந்தது. சென்னையில் பறக்கும் இரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே எழுந்தன. கழிவுநீர் கலந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் இடமாயிற்று. பயனற்றது என எண்ணப்பட்ட அக்கால்வாய், 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி பாய்ந்தபோது கரையோரத்தின் பல இடங்களில் நீரைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, ஊருக்குள் பாய்ந்த வேகத்தைக் குறைத்தது. அதே நாளில் பினாங்குக் கடற்கரைகளையும் அலைகள் தாக்கி உயிர்களைப் பறித்தன.

2008இல் இந்திய அரசு பக்கிங்காம் கால்வாயை 4ஆம் தேசிய நீர்வழியில் சேர்த்தது. சென்னையில் சேப்பாக்கத்தை ஒட்டிக் கால்வாய்க் கரையில் ஒரு குடியிருப்பு உள்ளது. படகு எதுவும் வராத அந்த இடத்தின் பெயர் லாக் நகர்.